சோசியலுக்கு எதுக்குங்க டியூஷன்?

அரையாண்டு விடுமுறையில் மகளின் பள்ளிப் புத்தகங்களுக்குப் புது அட்டை போட உட்கார்ந்தேன். அவள் ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டினால் முதல் பாடத்தின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ‘இதை யார் பார்த்தாங்க?’, ‘எப்படித் தெரியும்?’, ‘கல்லைப் பார்த்ததும் கோடாரின்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?’ என்று வரிக்கு வரி கேள்வி. இரண்டாவது பாடத்தில் பாதி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் ஓரங்கள் வெள்ளையாகிவிட்டன. ஸ்கேல் வைத்துப் போட்ட அடிக்கோடுகளும், பக்கத்தில் ‘2 மார்க்’, ‘5 மார்க்’ என்ற குறிப்பும் மட்டும். அவளை டியூஷனில் சேர்த்தது ஜூலை மாதம். கேள்விகள் நின்றதும் ஏறக்குறைய அந்த மாதம்தான்.

டியூஷனைக் குறை சொல்லவும் முடியவில்லை. முதல் இடைத்தேர்வில் 58 வாங்கியவள் காலாண்டில் 91 வாங்கினாள். வீட்டில் கேசரி கிண்டினோம், ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னோம். அந்த மாஸ்டர் சொன்னதைச் செய்தார். முக்கியமான வினாக்களைக் குறித்துக் கொடுத்தார், தினமும் ஒப்பிக்க வைத்தார், தப்பினால் பத்து முறை எழுத வைத்தார். மாடி ஹாலில் பன்னிரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு வேறு எப்படித்தான் நடத்த முடியும்? ஆனால் அட்டை போட எடுத்த புத்தகத்தை அன்று அட்டை போடாமலே மூடி வைத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். “ஏன்டா, இப்பல்லாம் ஓரத்துல எதுவும் எழுதறதில்லையா?” அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கேட்டா பரீட்சைக்கு வராதுன்னு சொல்றாங்கம்மா. அப்புறம் எதுக்கு எழுதணும்?” என்ன கேட்டாய் என்றேன். மே மாதம் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம் இல்லையா, அங்கே கி.மு. 580 என்று சொன்னார்கள். அது எப்படி அவ்வளவு சரியாக 580? ஏன் 600 இல்லை, 550 இல்லை? இதைத்தான் கேட்டிருக்கிறாள். “வந்தா 580-ன்னு எழுது, ஒரு மார்க் உறுதி” என்று பதில் வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு எனக்கும் அன்று பதில் தெரியாது. பி.காம். படித்தவள் நான். பள்ளியில் வரலாறு எனக்கு ஆண்டுகளின் பட்டியல்தான்.

ஆனால் அது நல்ல கேள்வி என்று மட்டும் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். இவளுக்குப் பழங்கால வரலாற்றை உட்கார்ந்து சொல்லித்தர ஒருவரைத் தனியாகத் தேட வேண்டும்.

எங்கே தேடுவது

மதுரையில் கணக்குக்கு டியூஷன் வேண்டுமென்றால் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். இயற்பியல், வேதியியலுக்கும் பஞ்சமில்லை. வரலாறு என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “சோசியலுக்கு எதுக்குங்க டியூஷன்? படிச்சா போதுமே.” அலுவலகத்தில் பக்கத்து சீட்டு அக்கா, பிள்ளைக்கு ஏதாவது கற்றல் குறைபாடு இருக்கிறதோ என்று கவலைப்பட்டே கேட்டார். டியூஷன் ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். அதில் பாடத்தைத் தேர்வு செய்யும் இடத்தில் வரலாறு என்று தனியாக இல்லை, சமூக அறிவியல்தான் இருந்தது. இரண்டு நாளில் ஒன்பது அழைப்புகள். எல்லோரும் “எல்லா சப்ஜெக்டும் எடுப்பேன் மேடம்” என்றார்கள். டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையம் ஒன்றில் பாடம் எடுப்பவரும் பேசினார். ஆண்டுகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாரம் ஒரு மாதிரித் தேர்வு வைத்தால் போதும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணக்குக்கு மாதம் 2,000 கேட்டால் பேசாமல் கொடுக்கிற நாம், வரலாற்றுக்கு 500 என்றாலே யோசிக்கிறோம். எம்.ஏ. வரலாறு படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள் என்று வருத்தப்படுவதும் நாம்தான். ஒரு பாடத்துக்கு நல்ல ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால், அதற்கு நாம் என்ன விலை வைத்திருக்கிறோம் என்பதும் ஒரு காரணம். கணக்கு மாஸ்டருக்குக் கொடுப்பதையே இங்கும் கொடுப்பது என்று நானும் கணவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

இரண்டு வாரம் வந்த ஐயா

அடுத்து ஒருவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, மேடைப் பேச்சாளர், அருமையான குரல். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து முன்னறையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார் என்றால் அடுப்படியில் இருக்கும் நானும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றுவிடுவேன். குமரிக்கண்டம், கடல் கொண்ட நாடுகள், ஐம்பதாயிரம் ஆண்டுத் தமிழ். மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அவள் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. எனக்கும் பிடித்திருந்தது. சின்ன வயதில் தாத்தா மடியில் கேட்ட கதைதானே அது. நிறுத்துவது அவ்வளவு கஷ்டமாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

இரண்டாவது ஞாயிறு மகள் தன் பழைய கேள்வியைக் கேட்டாள். “ஐம்பதாயிரம்னு எப்படித் தெரியும் ஐயா?” அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, “தமிழச்சியாப் பொறந்துட்டு நீயே சந்தேகப்படலாமாம்மா?” என்றார். அன்போடுதான் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் மாஸ்டர் பரீட்சைக்கு வராது என்று அடைத்த வாயை இவர் பெருமையைச் சொல்லி அடைத்தார். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பரீட்சை வருஷத்தோடு போய்விடும். சந்தேகப்படுவது துரோகம் என்று ஒரு பிள்ளை மனதில் விழுந்தால் அது எளிதில் போகாது.

அவரைப் பெரியவர் என்ற மரியாதையோடுதான் அனுப்பி வைத்தேன். பிள்ளைக்குப் பள்ளியில் வேலை அதிகம் என்று ஒரு காரணம் சொன்னேன். உள்ளதைச் சொல்லியிருக்கலாம், தைரியம் வரவில்லை.

353 சென்டிமீட்டர்

மாதம் ஒரு ஞாயிறு பசுமை நடை என்ற குழுவோடு மலைகளுக்குப் போய் வருகிற ஒரு மூத்த சக ஊழியர்தான் வழி சொன்னார். “டியூஷன் சென்டர்ல தேடாதம்மா. காலேஜ் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல போய்க் கேளு. படிச்சு முடிச்சுட்டு டி.ஆர்.பி.க்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க இருப்பாங்க.” ஒரு மதிய வேளையில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பழங்கால வரலாறு மட்டும் சொல்லித்தரணும்னு ஒரு அம்மா வந்து கேக்கறது இதுதான் முதல் தடவை” என்று சொல்லி ஒரு பழைய மாணவியின் எண்ணைக் கொடுத்தார். மேலூர்ப் பக்கத்துப் பெண். எம்.ஏ. முடித்து, கல்வெட்டியலில் பட்டயப் படிப்பும் படித்தவர்.

முதல் வகுப்பு சனிக்கிழமை காலை. ஒத்தக்கடையில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து யானைமலை முழுதாகத் தெரியும். பாயை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். நான் துணி காயப்போடும் சாக்கில் அங்கேயே நின்றேன். அந்தப் பெண் புத்தகத்தைத் திறக்கவில்லை. “உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?” என்று கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. நான் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே மனதுக்குள் ‘கேளு, கேளு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் சின்னக் குரலில் கேட்டாள். “கீழடிக்கு 580-ன்னு எப்படி மிஸ் தெரியும்?”

அந்தப் பெண் நோட்டில் ஒரு குழி வரைந்தார். குழியின் பக்கச்சுவரில் ஏணிப்படி மாதிரிக் கோடுகள். “இது தோண்டின குழி. மேல இருக்கிறது புது மண்ணா, கீழ இருக்கிறது புது மண்ணா?” மேலே இருப்பதுதான் என்றாள் மகள். இரண்டு கோடுகளைத் தடிமனாக்கி ஒன்றில் 200 செ.மீ. என்றும் இன்னொன்றில் 353 செ.மீ. என்றும் எழுதினார். நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு மாதிரிகளை அமெரிக்காவில், ஃபுளோரிடாவில் இருக்கும் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்ததற்கு கி.மு. 580 என்றும் 200 செ.மீ.யில் எடுத்ததற்கு கி.மு. 205 என்றும் வந்தது. 2019-ல் தொல்லியல் துறை அதை அறிக்கையாக வெளியிட்டது. இவ்வளவையும் குழிப் படத்தின் மேலேயே விரலை வைத்து வைத்துச் சொன்னார்.

பிறகு கரிமக் கணக்கு. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டினால் அன்றோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் குறைந்துகொண்டே வரும், 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் எப்போது நின்றது என்று கணக்குப் போடலாம். “ஆனா தராசுல அரிசி நிறுக்கிற மாதிரி ஒரே நம்பர் வராது. இந்த வருஷத்துலேருந்து இந்த வருஷத்துக்குள்ளன்னு ஒரு இடைவெளிதான் வரும். சொல்ல வசதியா ஒரு நம்பரைச் சொல்றோம். அப்புறம் ஒண்ணு, ஒரு கரித்துண்டோட வயசு அந்த மரத்தோட வயசு. வயசான மரத்தோட உள்பக்கத்துக் கட்டையை எரிச்சிருந்தா?” மகள் உடனே சொன்னாள். “அப்ப எரிச்ச வருஷத்தைவிடப் பழசாக் காட்டும்.” “ஆமா. அதனாலதான் ஒண்ணை மட்டும் நம்பாம நிறைய அனுப்புவாங்க. பானை ஓடு, எழுத்து, மண்ணடுக்கு எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க. அப்பவும் சண்டை வரும். வரட்டும், நல்லதுதான்.”

மகள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அந்தக் கரித்துண்டை எப்படிச் சிதையாம எடுப்பாங்க? மேல இருக்கிற மண்ணு கீழ விழுந்துட்டா? எலி வளை தோண்டியிருந்தா?” என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டாள். எலி வளைக்கு அந்தப் பெண் சட்டென்று பதில் சொல்லவில்லை. “கலங்கின அடுக்கைத் தனியாக் குறிப்பாங்கன்னு தெரியும். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாங்கன்னு எனக்கு சரியாத் தெரியாது. களத்துல வேலை பார்த்த என் ஃப்ரெண்ட் ஒருத்தி இருக்கா, கேட்டுட்டு வர்றேன்” என்றார். அதை நோட்டில் குறித்தும் கொண்டார். நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் உட்கார்ந்ததும் முதலில் அந்தப் பதிலைத்தான் சொன்னார். வளை இருந்த இடத்தில் மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறியிருக்கும், கையால் தொட்டாலே தெரியுமாம்.

இதை எழுதும்போது ஒரு தோழி கேட்டாள், “தெரியாதுன்னு சொல்ற டீச்சரை நம்பி எப்படிக் காசு கொடுக்கறே?” பழங்கால வரலாற்றில் தெரியாது என்று சொல்ல வேண்டிய இடங்கள் மற்ற பாடங்களைவிட அதிகம் என்று இந்த ஒரு வருஷத்தில் புரிந்துகொண்டேன். எழுதி வைத்தவர்கள் குறைவு, கிடைத்தது உடைந்த பானை, எரிந்த கரி, பாறையில் இரண்டு வரி. அதிலிருந்து எவ்வளவு தூரம் பேசலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பே. நிறுத்தத் தெரிந்தவரிடம்தான் பிள்ளையை விட வேண்டும். குமரிக்கண்டத்தைக்கூட அந்தப் பெண் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளவில்லை. கடல் பொங்கி நிலத்தை விழுங்கியதைப் பற்றி இறையனார் களவியல் என்ற இலக்கண நூலின் பழைய உரை சொல்கிறது, 49 நாடுகள் போயின என்கிறது சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை, அப்படி ஒரு நினைவு நம் நூல் மரபில் இருந்தது என்பதற்கு அவை சான்று. லெமூரியா என்ற பெயர் 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது; மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவே நிலம் இருந்திருக்க வேண்டும் என்று லெமூர் விலங்குகளை வைத்து அவர் போட்ட கணக்கு. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்தக் கணக்குக்கு வேலை இல்லாமல் போனது. “இந்த ரெண்டையும் பின்னாடி வந்தவங்க ஒட்ட வெச்சாங்க. எது எங்கேருந்து வந்துச்சுன்னு பிரிச்சுப் பாரு, அப்புறம் நீயே சொல்லு.” மகள் பிரித்துப் பார்த்தாள். தாத்தா சொன்ன கதை அவளுக்கு இப்போதும் பிடிக்கும். அதைக் கதை என்று தெரிந்தே பிடிக்கும்.

மதிப்பெண் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முழு ஆண்டுத் தேர்வில் 84. காலாண்டை விட ஏழு குறைவு. கணவர் கொஞ்சம் முணுமுணுத்தார். வரலாற்றுப் பகுதியில் ஒரு மதிப்பெண்கூடப் போகவில்லை, போனதெல்லாம் குடிமையியலிலும் பொருளியலிலும் என்று விடைத்தாளைக் காட்டிய பிறகு சரி என்றார்.

ஓவாமலையில்

இரண்டு மாதம் மாடியில், பழைய கல்வெட்டுகளில் தமிழை எழுதிய தமிழ்பிராமி எழுத்துகளை எழுதிப் பழகினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அசோகர் காலத்துப் பிராமியில் ‘க’ என்று எழுதினால் அகரமும் அதிலேயே இருக்கும். பழைய தமிழ்பிராமியில் ஒரு முறை உண்டு. அதில் அதே எழுத்து வெறும் ‘க்’. தலையில் சின்னக் கோடு போட்டால் ‘க’வாகவும் இருக்கலாம், ‘கா’வாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த முறையில் பல் என்பதும் பால் என்பதும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடத்தைப் பார்த்து நாம்தான் படிக்க வேண்டும். இதனால்தான் அந்தக் கல்வெட்டுகள் அவ்வளவு பேரைச் சுற்ற விட்டன என்றார் அந்தப் பெண். பிராமியை பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர் 1837-லேயே படித்துவிட்டார். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்து ஓவாமலையில் இருக்கும் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1882-ல் கண்டுபிடித்தார். எழுத்தைப் படிக்கத் தெரிந்தும் என்ன மொழி என்று பிடிபடவில்லை. அசோகர் கல்வெட்டில் இல்லாத ழ, ள, ற, ன இங்கே இருக்கின்றன, இது தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் என்ற கல்வெட்டு அறிஞர் 1924-ல் எடுத்துக் காட்டினார். “நாப்பத்திரெண்டு வருஷம்!” என்றாள் மகள். அவளைவிட நான்தான் அதிகம் அசந்து போனேன். நாற்பத்திரண்டு வருஷம் நம் மொழி நம் மலையில் கண்ணெதிரே இருந்தும் தமிழ் என்று யாராலும் படிக்க முடியவில்லை.

போன மாதம் மூவரும் அந்த மலைக்கே போனோம். மீனாட்சிபுரம் வரை ஆட்டோ, அங்கிருந்து ஏற்றம். காலை ஏழு மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிட்டது. சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் வழவழவென்று இருக்கின்றன. அதற்கு மேலே, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வெட்டிய காடிக்குப் பக்கத்தில், நெற்றியில் எழுதியது போல அந்த வரி. கணி நந்தன் என்ற துறவிக்குப் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவர் செய்து கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம் என்று ஏற்கெனவே எனக்குப் பாடம். மகள் கழுத்தை நிமிர்த்தி, கையில் எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டினாள். கையால் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் விரல் காற்றில்தான் ஓடியது. ‘ழ’ வந்ததும் துள்ளிக் குதித்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

“அக்கா, இதுல செழியன்னு இல்ல. சழியன்னு இருக்கு.”

எப்போது மிஸ் அக்காவானார் என்று எனக்கு ஞாபகமில்லை. “ஆமா, நெடுஞ்சழியன்னுதான் இருக்கு” என்றார் அவர். “ஏன்னு உனக்கு என்ன தோணுது?”

“வெட்டினவர் ஒரு கோட்டை விட்டுட்டாரோ? இல்ல, அப்ப வாயில அப்படித்தான் சொன்னாங்களோ?”

“ரெண்டையும் எழுதிக்கோ. வேற கல்வெட்டுல அந்தப் பேரு எப்படி இருக்குன்னு பார்க்கலாம். இங்கேயே இன்னொரு இடத்துல இருக்கு, வா.”

இருவரும் அடுத்த குகைத்தளத்தைப் பார்த்துப் பாறையில் ஏறினார்கள். தண்ணீர் பாட்டிலையும் இட்லிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கீழே நின்ற ஆட்டோக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் அண்ணே, வெயிட்டிங் போட்டுக்கோங்க என்றேன்.